இடது பக்கச் செயின்

எங்கள் வீட்டு ரெண்டாள் சைக்கிளுக்கு இரண்டு செயின். வலது பக்கச் செயினைப் பதினோரு வருஷத்தில் ஆறு முறை மாற்றியிருக்கிறேன். இடது பக்கச் செயினை ஒருமுறைகூட மாற்றவில்லை. இரண்டையும் ஞாயிறு தவறாமல் கழற்றி, கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டியது நான்தான். இடது செயின் நல்ல செயின், நீடித்து உழைக்கிறது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டுகூடத் திரிந்தேன். எனக்குக் கண் தெரியாது. அது பிறவியிலேயே வந்தது. புத்தியும் சேர்ந்து தெரியாமல் போனதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

ரெண்டாள் சைக்கிள் என்றால் மலை ஊரில் புதுமணத் தம்பதிகள் வாடகைக்கு எடுத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டுவது ஞாபகம் வரலாம். எங்களுடையது அந்த ஜாதி இல்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்த ஒருவர், இரண்டு சாதாரண சைக்கிள்களை அறுத்து ஒட்டிச் செய்து கொடுத்தது. முன் சீட்டில் இருப்பவர் கையில் ஹேண்டில்பார், பிரேக், மணி எல்லாம். பின் சீட்டில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள, திரும்பாத ஒரு கம்பி. இடது செயின் முன் பெடலையும் பின் பெடலையும் கோக்கிறது. வலது செயின் பின் பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகிறது. முன்னால் இருப்பவர் காலின் பலம் இடது செயின் வழியாகப் பின் பெடலுக்கு வந்து, அங்கே பின்னால் இருப்பவரின் பலத்தோடு சேர்ந்து, வலது செயின் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும். ஆக, இடது செயின் முன்னால் இருப்பவருக்கு மட்டும் உரியது. வலது செயின் இருவருக்கும் பொது.

முன்னால் உட்கார்ந்தவர் என் அண்ணன். என்னைவிட நாலு வயது மூத்தவர். அப்பா அம்மா போன பிறகு அயோத்தியாப்பட்டணத்து வீட்டில் அண்ணன், அண்ணி, நான். எனக்கு அம்மாபேட்டையில் ஒரு நூல் கடையில் வேலை. போன் பேசுவது, வந்து இறங்கும் நூலைத் தொட்டுப் பார்த்து, கனத்தை வைத்து இது எண்பதாம் நம்பர், இது நூறாம் நம்பர் என்று பிரிப்பது. கண் உள்ளவர்கள் லேபிளைப் படித்து ஏமாந்ததை நான் விரலால் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அண்ணனுக்கு அதே பக்கம், இரண்டு தெரு தள்ளி, விசைத்தறி உதிரி பாகம் விற்கிற கடையில் வேலை. முப்பத்தாறு வயதில் அவருக்கு சுகர் வந்தது. தினமும் சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை என்னை பஸ்ஸில் கூட்டிப்போனவர் அவர்தான். என்னைத் தனியே பஸ்ஸில் விட அவருக்கு மனம் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. அப்படித்தான் இந்த வண்டி வந்தது.

காலையில் ஏழெட்டு கிலோமீட்டர், மாலையில் ஏழெட்டு கிலோமீட்டர். ஆத்தூர் ரோட்டில் லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போகும். வழியில் ஒரு ரயில் மேம்பாலம் உண்டு. அதில் ஏறும்போது அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவார். பாவம், எனக்காக இப்படிக் கஷ்டப்படுகிறாரே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி மிதிப்பேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் சொல்வார்:

"அப்பாடா, ஏத்திட்டேன்."

ஏத்திட்டேன் என்பார். ஏத்திட்டோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் கூடுவார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அண்ணனா, கூடப் பிறந்தவனை இப்படித் தூக்கிச் சுமக்கிறாரே என்பார்கள். அண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்கும்.

"என்னங்க பண்றது, ஆண்டவர் குடுத்த சிலுவை. மிதிச்சு மிதிச்சு முட்டி ரெண்டும் போச்சு."

சிலுவை நான்தான். பின் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். என்னோடு யாரும் பேச மாட்டார்கள். சிலுவையோடு யார் பேசுவார்கள்?

வீட்டிலும் இதே நியாயம்தான். காலையில் அண்ணி முட்டை அவிப்பார். அண்ணனுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. மிதிக்கிறவருக்குத் தெம்பு வேண்டாமா என்பார். ஞாயிறு சாயங்காலம் அண்ணன் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். நான் தைலம் போட்டு முட்டியை உருவி விடுவேன். காலையில் செயினுக்கு எண்ணெய், மாலையில் அண்ணனுக்குத் தைலம். அந்த முட்டியில் ஒரு வீக்கமும் என் விரலுக்குத் தட்டுப்படவில்லை. உள்ளே இருக்கும் வலி வெளியே தெரியாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷம் மிதித்தும் அண்ணனுக்கு சுகர் மட்டும் இறங்கவே இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். சிலர் உடம்புவாகு அப்படி என்று கடைசியில் கைவிட்டுவிட்டார். அவரும் என்னைப் போல ஏமாந்தவர்தான்.

செயின் வேலையை நான் எடுத்துக்கொண்டதற்கே காரணம் இந்தக் குற்ற உணர்ச்சிதான். மிதிப்பதில் ஈடுகட்ட முடியாததைத் துடைப்பதில் ஈடுகட்டலாம் என்று நினைத்தேன். முதலில் அண்ணன்தான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடையிலிருந்து தறிக்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்து, புழுதி படிந்த செயினின் மேலேயே தாராளமாக ஊற்றுவார். எண்ணெயும் ஆத்தூர் ரோட்டுப் புழுதியும் சேர்ந்தால் மாவு மாதிரி ஆகி, செயினை உட்புறமாக அரைக்கும். முதல் வலது செயின் எட்டே மாதத்தில் போய்விட்டது. புதுச் செயினை மாட்டிக்கொண்டு புறப்பட்டால், மேம்பாலத்தில் ஏறும்போது கடக்கென்று நழுவி என் கால் காற்றில் போய் கீழே விழுந்தோம். "ஒழுங்கா மிதிக்கத் தெரியலன்னா சும்மா உக்காரு" என்று அண்ணன் நடுரோட்டில் கத்தினார். பழைய செயினோடு சேர்ந்து பின்சக்கரத்து ப்ரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும், செயினை மட்டும் புதிதாகப் போட்டால் பல்லில் உட்காராது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அடி எனக்கும் பட்டது, திட்டும் எனக்கே கிடைத்தது.

அதன்பிறகு நான் முறையாகக் கற்றுக்கொண்டேன். செயின் நீண்டுவிட்டது என்கிறோமே தவிர இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஆணி உட்காரும் இடம் துளித் துளியாகத் தேய்கிறது. நூறு கண்ணியின் தேய்மானம் சேர்ந்தால் செயின் ஒரு நக அகலம் நீளமாகிவிடும். கண் உள்ளவர்கள் அதற்கு ஸ்கேல் வைப்பார்கள். நான் சுவரில் ஒரு ஆணி அடித்து ஒரு புதுச் செயினைத் தொங்கவிட்டேன். வண்டியில் ஓடும் செயினைக் கழற்றி, அதே ஆணியில் அதன் பக்கத்தில் மாட்டி, ஒரே எண்ணிக்கைக் கண்ணியில் இரண்டும் எங்கே முடிகின்றன என்று விரலால் தடவிப் பார்ப்பேன். கட்டைவிரல் நக அகலத்துக்கு வித்தியாசம் வந்துவிட்டால் செயின், ப்ரீவீல் இரண்டையும் மாற்றிவிடுவேன். மண்ணெண்ணெயில் கழுவி, கடையிலிருந்து கொண்டுவந்த கழிவு நூலால் துடைத்து, ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். சுழற்றிவிட்டு, மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். இதைச் சொன்னால் அண்ணன் சிரிப்பார். "கண்ணில்லாதவன் கழுவற அழகப் பாரு" என்று அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

ஆனால் நான் அளந்ததெல்லாம் வலது செயினைத்தான். இடது செயினைக் கழுவுவேன், எண்ணெய் விடுவேன், திரும்ப மாட்டிவிடுவேன். ஆணியில் தொங்கவிட்டு அளந்ததே இல்லை. அது அண்ணனுடைய செயின். அதை அளப்பது, அண்ணன் தட்டிலிருக்கிற இட்லியை எண்ணுகிற மாதிரி. மூத்தவர் நமக்காக எவ்வளவு பாடுபடுகிறார் என்று தம்பி அளந்து பார்ப்பது மரியாதை இல்லை என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். இந்த மரியாதையை நான் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினேன் என்பதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

வண்டி வந்து ஐந்தாவது வருஷம். எனக்கு வயது முப்பத்தேழு. பங்குச் சாமியார் மூலமாக ஒரு சம்பந்தம் வந்தது. எருமப்பட்டிப் பக்கத்துப் பெண். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர். சிறு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் பலமில்லாதவள், கைத்தடி ஊன்றி நடப்பாள். என்னைவிட மூன்று வயது இளையவள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து, அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவளே வந்துவிட்டாள். நான் வாசலில் இரண்டு செயினையும் கழற்றிப் போட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். இடது செயின் கையில் இருக்கும்போதுதான் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. அவசரமாகச் சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவினேன். அப்படியும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. அந்தக் கையை மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் பேசினாள். என்ன சம்பளம் என்று கேட்கவில்லை. என்னென்ன வேலை தெரியும் என்று கேட்டாள். நூலை விரலால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டு, தன் சேலைத் தலைப்பை நீட்டி இது என்ன நம்பர் என்றாள். நான் சொன்னேன். அவள் சிரித்தாள். என்னிடம் அப்படி யாரும் அதுவரை விளையாடியதில்லை.

அவள் சேலத்துக்கு மாற்றல் கேட்க முடியும். அம்மாபேட்டையில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொள்ளலாம். கேள்வி ஒன்றுதான்: எங்கே போவதானாலும் எப்படிப் போவது? அவளுக்குக் கண் உண்டு, கால் இல்லை. எனக்குக் கண் இல்லை. அண்ணன் காபியை உறிஞ்சிக்கொண்டே தன் பாட்டைத் தொடங்கினார்.

"இவன் ஒருத்தனச் சுமந்தே என் முட்டி போச்சுங்க. இன்னும் ஒரு ஆளுன்னா நான் எங்கங்க போவேன்?"

அவள் கைத்தடியை ஊன்றி எழுந்து வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தாள். மணியை ஒருமுறை அடித்தாள். பிறகு, அண்ணனை விட்டுவிட்டு, என்னைக் கேட்டாள்.

"ஏனுங்க, பின்னால உக்கார்றவங்க மட்டும் மிதிச்சா இந்த வண்டி போகுமுங்களா? முன்னால இருக்கறவங்க ஹேண்டில மட்டும் புடிச்சுக்கிட்டா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. அவள் முன்னால், நான் பின்னால். அவள் கண், என் கால். அவள் அதை யோசித்துக்கொண்டே எருமப்பட்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் நான் நேர்மையான ஆளாயிற்றே. ஒரு பெண்ணை ஏமாற்றக் கூடாது என்று நினைத்தேன். மேம்பாலத்தில் கேட்கும் அண்ணனின் மூச்சு ஞாபகத்துக்கு வந்தது.

"போகாதுங்க. நான் முடிஞ்ச வரைக்கும் மிதிப்பேன். ஆனா அண்ணன் மிதிக்கலேன்னா ஒரு அடி நகராது."

"சரிங்க" என்றாள். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பத்து நாளில் அவள் அத்தை போன் பண்ணினார். இரண்டு பேரும் கடைசிவரைக்கும் அண்ணன் தயவில்தானே இருக்க வேண்டும், அது சரிவராது என்று பெண் சொல்லிவிட்டாளாம். அடுத்த வருஷம் பெரம்பலூர்ப் பக்கம் எங்கேயோ அவளுக்குக் கல்யாணம் ஆனதாகச் சாமியார் சொன்னார். நல்லா இருக்கட்டும் என்றேன். மனதாரச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. பல நாள் அந்த மணியை நானே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகும் ஆறு வருஷம் அதே சாலை, அதே பாலம், அதே ஒற்றை முட்டை.

போன வருஷம் வண்டியின் நடுவில் வெல்டிங் விட்டுவிட்டது. செய்தவரிடமே கொண்டுபோனால்தான் ஆகும். நாமக்கல்லுக்கு நூல் ஏற்றிப் போகும் கடை வேனில் வண்டியைப் போட்டுக்கொண்டு நான் மட்டும் போனேன். முட்டி வலி என்று அண்ணன் வரவில்லை. அந்த வெல்டர் இப்போது லாரிப் பட்டறையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சாமி, வண்டி இன்னும் ஓடுதுங்களா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒரு மணி நேரத்தில் பற்றவைத்து முடித்துவிட்டார். இரண்டு செயினும் கழன்று கிடந்தன.

"பதினோரு வருசம் ஆச்சுங்க. இந்த இடது பக்கத்தையும் கழிச்சுப்போட்டு புதுசு மாட்டிரலாமுங்களா?"

"அது நல்ல செயினுங்க. ஒண்ணும் ஆகல."

"அளந்து பாத்தீங்களா?"

"இல்லீங்க. அது அண்ணன் பக்கம்."

அண்ணன் பக்கமென்றால் ஏன் அளக்கக் கூடாது என்று அவருக்கு விளங்கவில்லை. புதுச் செயினை எடுத்து ஆணியில் மாட்டினார். பக்கத்தில் எங்கள் இடது செயினை மாட்டினார். எண்ணி, என் விரலைக் கொண்டுபோய் முனையில் வைத்தார். நான் தடவினேன். இன்னொரு தடவை தடவினேன். வித்தியாசம் ஒரு தீக்குச்சி கனம்கூட இல்லை.

"நீளமான செயினு, பல்லு ரெண்டும் பெருசு. மெதுவாத்தான் தேயும், அத ஒத்துக்கறனுங்க" என்றார். "ஆனா அதுக்காக இப்படியா? இது ஒரு வருசம் ஓடுன செயினாட்டம் இருக்குதுங்க."

பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து, முன் பெடலின் பல்சக்கரத்தில் ஒரு பல்லின் மேல் வைத்தார்.

"பாருங்க. மிதிக்கிற பல்லு செயினத் தள்ளும். அப்பப் பல்லுக்கு முன்முகம் தேயணும். இது முன்முகம் அப்படியே இருக்குது. பின்முகம்தான் வழுவழுன்னு ஆயிருக்குது. இது இழுத்த பல்லு இல்லீங்க, இழுபட்ட பல்லு. பின்னால இருக்கறவரு மிதிச்ச வேகத்துல முன்பெடல் சும்மா சுத்தியிருக்குது."

நான் ஒவ்வொரு பல்லாகத் தடவினேன். நூலில் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிற விரல் அது. எல்லாப் பல்லும் ஒரே கதையைத்தான் சொன்னது.

அந்த மனிதர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"ஏனுங்க சாமி, முன்னால உக்கார்றவங்களுக்குக் கால் சொகமில்லீங்களா? கால் முடியாதவங்க முன்னால உக்காந்து ஓட்டுனா இப்படித்தான் தேயும்."

நான் அந்தப் பல்லிலிருந்து விரலை எடுக்கவில்லை. கால் முடியாதவங்க முன்னால் உட்கார்ந்து ஓட்டினால் இப்படித்தான் தேயும். எருமப்பட்டிப் பெண் இத்தனை வருஷமும் என் முன்னால் உட்கார்ந்து வந்திருந்தாலும் அந்தச் செயின் இதே அளவில்தான் இருந்திருக்கும். வண்டி இதே வேகத்தில்தான் போயிருக்கும். பட்டறையில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

இடது செயினை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போலப் புறப்பட்டோம். அண்ணன் வழக்கம்போல அரசியல் பேசிக்கொண்டு வந்தார். மேம்பாலம் ஏறத் தொடங்கியது. பாதி ஏற்றத்தில் நான் மிதிப்பதை விட்டேன். காலை எடுக்கவில்லை, பெடல் மேலேயே வைத்திருந்தேன். பலத்தை மட்டும் எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அண்ணனின் பேச்சு நின்றது. வண்டி நாலு முழம் போயிருக்குமா? ஆடி, சாய்ந்து, நின்றுவிட்டது. இருவரும் ஒரு காலைத் தரையில் ஊன்றினோம்.

"மிதிடா. என்னடா பண்ற?"

பதினோரு வருஷத்தில் அவர் என்னை மிதிக்கச் சொன்னது அன்றைக்குத்தான். சொல்ல வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை.

"நீங்க மிதிங்கண்ணா" என்றேன். "நீங்கதான என்னச் சுமக்கறீங்க. சுமங்க."

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணியில் தொங்கிய செயின், தீக்குச்சி கனம், பல்லின் பின்முகம், வெல்டர் கேட்ட கேள்வி. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுப்பார், சத்தியம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை.

"சரி, மிதிக்கல. இப்ப என்னங்கற? வழி பாத்தது யாரு? பிரேக் புடிச்சது யாரு? இந்த லாரிக்கெல்லாம் நடுவுல உன்ன உசுரோட கொண்டாந்து சேத்தது யாரு? அதுக்குச் செயின் தேயாதுடா."

அதில் உண்மை இருந்தது. அதுதான் எனக்கு அதிக வயிற்றெரிச்சல். கண் என்னுடையது, கால் உன்னுடையது, இரண்டும் சரிக்குச் சரி என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நான் ஆயுளுக்கும் சந்தோஷமாக மிதித்திருப்பேன். அவர் காலுக்குத் தைலமும் போட்டிருப்பேன். மிதிக்காததை நான் குற்றமாக நினைக்கவில்லை. மிதித்ததாகச் சொன்னாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"அந்த டீச்சர் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமேண்ணா" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லிவிட்டார். ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் போல இருந்தது.

"அவ என்னையா கேட்டா? உன்னத்தான கேட்டா. போகாதுன்னு சொன்னது நீதான. நானா சொன்னேன்?"

பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ரயில் ஒன்று போனது. பிறகு அவர் வண்டியை நிமிர்த்தி, "ஏறு, நேரமாச்சு" என்றார். ஏறினேன். இறங்கி எங்கே போவது? பாலத்தில் வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அன்றிலிருந்து நான் பாதிதான் மிதிக்கிறேன். சரியாகப் பாதி. அவர் விட்டால் நானும் விட்டுவிடுவேன், வண்டி நின்றுவிடும். இரண்டு முறை நடுரோட்டில் நின்றோம், மூன்றாவது முறை நிற்கவில்லை. பாலம் ஏறும்போது இப்போது அவர் நிஜமாக மூச்சு வாங்குகிறார். அதைக் கேட்டபோதுதான் பழைய மூச்சு வேறு மாதிரி இருந்தது என்பதே எனக்கு உறைத்தது. அண்ணனுக்கு இந்த வருஷம் சுகர் நன்றாக இறங்கியிருக்கிறது. டாக்டர் தன் புது மாத்திரை என்கிறார். அண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். அண்ணியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, காலையில் எனக்கும் இரண்டு முட்டை வேண்டும் என்று மட்டும் கேட்டேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே வைத்தார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் தைலம் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டேன். முட்டி வலி என்று அவர் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. இப்போதுதான் நிஜமாக வலிக்கும் என்று நினைக்கிறேன்.

கோயில் வாசலில் இன்னும் அவரைப் புகழ்கிறார்கள். சிலுவை என்ற வார்த்தையை மட்டும் அவர் விட்டுவிட்டார். நான் எதையும் திருத்தப் போகவில்லை. யாரிடம் போய்ப் பல்லின் பின்முகத்தைத் தடவிப் பார் என்பது?

போன ஞாயிறு இரண்டு செயினையும் கழற்றினேன். இரண்டையும் அளந்தேன். இடது செயின் இந்த ஒரு வருஷத்தில், அதற்கு முந்தைய பதினோரு வருஷத்தைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது. அடுத்த வருஷம் மாற்ற வேண்டியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து இறங்கிய அன்றைக்கும் இதே செயின்தான், இதே கையில்தான் இருந்தது. ஆணி நாலடி தூரத்தில், பக்கத்துச் சுவரில் இருந்தது. எழுந்து மாட்டி ஒருமுறை தடவியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக அதைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

பின்னால் உட்காருகிறவர் மட்டும் மிதித்தால் இந்த வண்டி போகுமா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியும். போகும். அம்மாபேட்டைக்குப் போகும், பாலம் ஏறிப் போகும், பதினோரு வருஷம் போகும். கேட்க வேண்டியவள் ஒரே ஒரு முறை, என் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டு, நான் சொன்னதை நம்பிக்கொண்டு போய்விட்டாள்.